எலும்பில் ஏறிய பால்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், செல்லங்களே. வாடைக்காற்று இரைகிறது, என் குரல் உங்கள் காதுக்கு வருமுன் அது பிடுங்கிக்கொண்டு போய்விடும். ஒரு தாயின் கதையைச் சொல்கிறேன். சிரிக்க இதில் அதிகம் இல்லை. ஆனாலும் பாதியில் எழுந்து போகாதீர்கள். பாதியைக் கேட்டுவிட்டுப் போனவர்கள் அவளைத் திட்டுவார்கள், முழுதும் கேட்டவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

சுதந்திரம் வந்து பதினாறு வருஷம் ஆன சமயம். திருப்பாலைக்குடியில் சபியா என்றொருத்தி இருந்தாள். அவள் கணவர் சதக்கத்துல்லா வத்தைக்காரர், பாய் கட்டிய சின்னப் படகில் தொழிலுக்குப் போய்வந்தவர். காலராவில் அவர் போய்ச்சேர்ந்து ஆறு வருஷம். மூத்தவன் சுஐபுக்குப் பத்தொன்பது வயது, வாப்பாவின் வத்தையை அவன்தான் ஓட்டினான். இளையவள் ஹமீதா பானுவுக்குப் பதினைந்து. அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் சீண்டாமல் ஒரு வாய் சோறு இறங்காது.

ஆகவே ஹமீதாவின் கையில் முதல் நீலத் தழும்பைப் பார்த்தபோது சபியா மகனைத்தான் அதட்டினாள்.

"ஏலே, புள்ளைய என்ன செஞ்ச?"

"நான் தொடவே இல்ல உம்மா. அவ திங்கிற தீனிக்கு அவமேல வத்தைய மோதுனாலும் வத்தைதான் உடையும்."

"காக்காதான் கிள்ளுச்சு," என்று ஹமீதா சாதித்தாள். காக்கா என்றால் அவர்கள் வழக்கில் அண்ணன். சுஐபுக்கு இரண்டு நாள் மீன் துண்டு கிடையாது என்று தீர்ப்பாயிற்று. மூன்றாம் நாள் ஹமீதாவின் தொடையில் நான்கு தழும்பு. பல் விளக்கும்போது ஈறிலிருந்து வந்த ரத்தம் பகல் முழுக்க நிற்கவில்லை. ஹமீதா தானாகவே சொன்னாள்: "உம்மா, காக்கா கிள்ளல. பொய் சொன்னேன்."

ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போனார்கள். தண்ணீர் ஓதித் தடவினார்கள். பிறகு ராமநாதபுரத்தில் ஒரு டாக்டர் விரலைக் குத்தி, கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். பார்த்தவர் நிமிர்ந்து சபியாவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு கடிதம் எழுதி மெட்ராஸுக்கு ரயில் ஏறச் சொன்னார்.

மெட்ராஸில் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். பெரியது, அவ்வளவுதான். அங்கே ராமசுப்பிரமணியன் என்று ஒரு டாக்டர் இருந்தார். சீமைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவர். நாற்பது வயதுக்குள் தலை நரைத்துவிட்டது. அவர் சபியாவையும் சுஐபையும் எதிரில் உட்காரவைத்துப் பேசினார்.

"ரத்தத்துல புத்துநோய்ம்மா. மாத்திரை இருக்கு, கொஞ்ச நாள் அடக்கி வைக்கும். மூணு மாசம். ரொம்ப நல்லாப் போனா ஆறு மாசம்."

சபியா அழவில்லை. "அதுக்கு மேல?" என்றாள்.

டாக்டர் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். "ஒண்ணு இருக்கு. புதுசு. உலகத்துலயே சில இடத்துலதான் செஞ்சு பாக்குறாங்க. உங்க ஊர்ல குடிதண்ணிக்கு என்ன செய்வீங்க?"

"மணல்ல ஊத்துத் தோண்டுவோம்."

"ஊத்து உப்பாப் போயிட்டா?"

"மூடிட்டு வேற எடத்துல தோண்டுவோம்."

"ரத்தமும் அப்படித்தான், எலும்புக்குள்ள ஊறுது. அங்க ஏதோ ஒரு மூல அணு இருக்கு. அதுலேருந்துதான் மத்த எல்லா அணுவும் பிறக்குது. அது எப்படி இருக்கும்னு எங்களுக்கே இன்னும் சரியாத் தெரியாது, இருக்குன்னு மட்டும் தெரியும். உங்க பொண்ணுக்கு அந்த மூலமே கெட்டுப்போச்சு. கோபால்ட் மெஷின்ல கதிரை விட்டு அதை முழுசா அழிச்சிடுவேன். அப்புறம் வேற ஒருத்தர் எலும்பிலேருந்து மஜ்ஜையை எடுத்து நரம்பு வழியா ஏத்துவேன். அது போய்ப் பிடிச்சிட்டா, புது ஊத்து."

"பிடிக்கலன்னா?"

"பழசையும் அழிச்சாச்சே. ஒண்ணும் இருக்காது." மேஜைமேல் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். "மறைக்க விரும்பல. ரெண்டு பேருக்குச் செஞ்சேன். ஒருத்தருக்குப் பிடிக்கல. இன்னொருத்தர், பிடிக்கிறதுக்கு முன்னாலயே காய்ச்சல் வந்து போயிட்டார். ரெண்டு பேருமே இல்ல. வேண்டாம்னு நீங்க சொன்னா தப்பாவே நினைக்கமாட்டேன்."

பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். "கொடுக்கிறவங்க கூடப்பிறந்தவங்களா இருக்கணும். ஒரே தாய்க்கும் ஒரே தகப்பனுக்கும் பிறந்தவங்க. மத்தவங்க மஜ்ஜையில நான் கை வைக்கிறதில்ல, உடம்பு ஒத்துக்காது. இந்தத் தம்பி உங்க வயித்துல பிறந்த பிள்ளைதானே?"

சுஐபு சட்டைக் கையை மடித்துவிட ஆரம்பித்துவிட்டான்.

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்துகிறேன். சபியா மனசுக்குள் அந்த நிமிஷம் ஓடியதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவளுடைய தலைப்பிள்ளை ஏர்வாடியில் பிறந்தது. நேர்ச்சைக்காகப் போய்த் தங்கியிருந்தபோது வலி கண்டு, பிள்ளை மூச்சில்லாமல் வந்தது. பக்கத்துக் குடிசையில் ஒருத்தி அதே நாளில் ஆண் பிள்ளை பெற்றாள். புத்தி கலங்கியவள், தனியே வந்தவள். எந்த ஊர் என்று கேட்டால் கடலைக் காட்டுவாள். பிள்ளையைப் பெற்றுப்போட்டு அவள் கண்ணை மூடிவிட்டாள். மருத்துவச்சி ஆசியம்மாள் அழுகிற பிள்ளையைத் தூக்கிவந்து, பால் கட்டி நெருப்பாய்க் கொதித்துக் கிடந்த சபியாவின் மார்பில் வைத்தாள். "இதுக்கும் வேணும், ஒனக்கும் வேணும்," என்றாள். நாற்பது நாள் கழித்துச் சதக்கத்துல்லா மனைவியையும் மகனையும் வீட்டுக்கு அழைத்துவந்தார். ஊர் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. தெரிந்த மூவரில் இரண்டு பேர் இப்போது மண்ணுக்குள்.

ஆனால் சபியா பயந்தவள். யாருக்கோ என்பதுபோல, ஓதிக்கொடுக்கும் உஸ்தாதம்மாவிடம் ஒருதரம் கேட்டிருந்தாள். அந்த அம்மா சொன்னார்: "ரெண்டு வயசுக்குள்ள அஞ்சு தரம் வயிறு நெறையக் குடிச்சிருந்தாப் போதும். குடிச்சது எலும்புல ஏறிரும். பொறவு அந்தப் புள்ளைக்கு அவதான் தாய், அவ புள்ளைகதான் கூடப்பொறந்ததுக. கட்டிக்குடுக்க முடியாது, முக்காடு போட வேணாம்." ஐந்து தரமா? சுஐபு இரண்டு வருஷம் குடித்தான். அன்றைக்கே சபியாவின் மனசுப் பாரம் இறங்கிவிட்டது. அதன் பிறகு அவனைப் பெற்றவளின் முகம்கூட அவளுக்கு மறந்துபோயிற்று.

டாக்டர் கேட்பது வேறு என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. வயிறு என்று தெளிவாகத்தான் கேட்டார். ஆனால் அவர் எடுக்கப்போவது எலும்புக்குள் இருப்பதை. அவன் எலும்பு யாருடைய பாலில் முற்றியது? இந்தக் கணக்கு அவளுக்கு நியாயமாகப் பட்டது. அதோடு இன்னொன்றும் தெரிந்தது: இல்லை என்றால் இந்தக் கதவு மூடிவிடும்.

"ஆமாய்யா. என் வயித்துப் புள்ளைதான்," என்றாள்.

அந்தக் காலத்தில் ரத்த வகைச் சோதனை ஒன்றுதான் இருந்தது. பார்த்தார்கள், இரண்டு பேருக்கும் ஒரே வகை. பார்த்தீர்களா, அல்லாவே சொல்லிவிட்டான் என்று சபியா நினைத்துக்கொண்டாள்.

ஹமீதாவைக் கண்ணாடி போட்ட தனி அறையில் வைத்தார்கள். கோபால்ட் அறைக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்தார்கள். குடல் புரள வாந்தி எடுத்தாள், பின்னல் கையோடு வந்தது. சுஐபை மயக்கிக் குப்புறப்போட்டு இடுப்பெலும்பில் நூறு இடத்தில் குத்தி உறிஞ்சினார்கள். ஒரு புட்டி நிறைய வந்தது. சாதாரண ரத்தம் மாதிரித்தான் இருந்தது, மேலே மட்டும் எண்ணெய் மிதந்தது. மறுநாள் அவன் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துவந்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினான்:

"என் நல்லி எலும்பெல்லாம் ஒடைச்சு ஒனக்கு ஆணம் காய்ச்சி ஊத்தியாச்சு. எப்படியிருக்கு?"

ஹமீதா உதட்டை அசைத்தாள். சபியா காதைக் கதவருகே வைத்துக் கேட்டுச் சொன்னாள்: "உப்புப் பத்தலையாம்."

வராந்தாவில் அவர்களுக்குப் பக்கத்துப் பாயில் வேளாங்கண்ணி என்று ஒருத்தி இருந்தாள். பாம்பன் மீனவக் குடும்பம், கழுத்தில் மாதா சுரூபம். அவளுடைய ஏழு வயதுப் பிள்ளை அற்புதத்துக்கும் இதே நோய். மூத்தவள் ஜோதிமேரி கொடுக்கத் தயாராக இருந்தாள். ஹமீதாவுக்கு எப்படி ஆகிறது என்று பார்த்துவிட்டுச் செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே வேளாங்கண்ணி தன் பிள்ளைக்குச் செய்கிற ஜெபத்தில் பாதியை ஹமீதாவுக்குச் செய்தாள்.

"சுயநலம்தாங்க்கா," என்றாள் சபியாவிடம், கஞ்சியைப் பங்கிட்டுக்கொண்டே. "ஒங்க புள்ள கரையேறுனாத்தான் ஏம் புள்ள தண்ணியில எறங்கும்."

பதினேழாம் நாள் டாக்டர் ஒரு காகிதத்தோடு வந்தார். அவர் சிரித்து சபியா பார்த்தது அன்றைக்குத்தான். "பிடிச்சிருச்சும்மா. வெள்ளணு ஏறுது. புதுசு, நல்ல அணு." இருபதாம் நாள் ஈறில் ரத்தம் நின்றது. இருபத்திரண்டாம் நாள் ஹமீதா பொரித்த ஊளி மீன் கேட்டாள். மெட்ராஸில் அதைத் தேடி சுஐபு மூன்று சந்தை அலைந்தான். கிடைக்காமல் வேறு ஏதோ மீனை வாங்கிவந்து ஊளி என்று சாதித்தான். "கடல்ல பொழைக்கிற ஆளு, மீன் பேரு தெரியல," என்று அவள் கேலி செய்தாள். ஆனாலும் தின்றாள். ஒரு வாரம், செல்லங்களே. ஒரு முழு வாரம் சபியா அந்த ஆஸ்பத்திரியில் சந்தோஷமாக இருந்தாள்.

இருபத்தொன்பதாம் நாள் ஹமீதாவின் உள்ளங்கை சிவந்தது. மருதாணி வைத்ததுபோல என்று நர்ஸ்கூடச் சொன்னாள். சிவப்பு கழுத்துக்கு ஏறி, முதுகுக்கு இறங்கி, தோல் வெயிலில் கிடந்த வாழைச்சருகாய் உரிய ஆரம்பித்தது. பிறகு வயிறு போனது. ஒரு நாளைக்கு இருபது தரம், பச்சையாக, ரத்தமாக. பிறகு கண் மஞ்சளானது. டாக்டர் ஒரு நாளைக்கு மூன்று தரம் வந்தார். வந்து நின்றுகொண்டே இருந்தார்.

"நோய் திரும்பிருச்சாய்யா?" என்று சபியா கேட்டாள்.

"இல்லம்மா. அந்த நோய் ஒரு அணுகூட இல்ல. இது வேற. நாம ஏத்துன மஜ்ஜைதான். புதுசா வந்தது, இந்த உடம்பைப் பார்த்து அந்நியம்னு நினைச்சு அடிக்குது. விருந்தாளி வந்து வீட்டுக்காரங்களை வெளிய தள்ளுற மாதிரி." கைக்குட்டையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "எலிக்கு இப்படி வரும், படிச்சிருக்கேன். அந்நிய எலியோடதை ஏத்தினா. சொந்தத்துக்கு வராதுன்னுதான் நினைச்சிருந்தேன்."

அந்நியம் என்ற சொல் சபியாவின் காதில் நின்றது. மகள் இன்னும் உயிரோடு இருக்கிறாள், உண்மையைச் சொன்னால் இவர் கைவிட்டுவிடுவார் என்ற பயம். அன்றும் சொல்லவில்லை, அடுத்த ஐந்து நாளும் சொல்லவில்லை.

ஆறாம் நாள் காலையில் டாக்டர் வேளாங்கண்ணியின் பாய்க்கு வந்து, அவள் எழுந்திருக்குமுன் தானே தரையில் உட்கார்ந்தார்.

"அம்மா, அற்புதத்தை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. மாத்திரை எழுதித் தாரேன்."

"எலும்புத் தண்ணி ஏத்துறது?"

"நிறுத்திட்டேன். கூடப்பிறந்தவங்களோடதே இப்படி அடிக்குதுன்னா, இது வைத்தியம் இல்ல. இனி யாருக்கும் செய்யமாட்டேன். சீமைக்கும் எழுதிடப்போறேன், அவங்களும் பார்த்துக்கட்டும்."

வேளாங்கண்ணி அவர் காலைப் பிடிக்கவில்லை, அழவில்லை. சபியாவின் பக்கம் திரும்பி, "ஒங்களுக்கும் இல்லாமப் போச்சேக்கா," என்றாள். பிறகு அற்புதத்தின் கவுனை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள்.

சுஐபு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சபியா அவனைப் பார்த்தாள். அந்தப் பையைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் கிடந்தது மகள், இனி அவளுடையது என்று மிஞ்சப்போவது இந்த மகன். இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"டாக்டரய்யா, எழுதாதீக. இவன் என் வயித்துல பொறக்கல."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஜோதிமேரியின் கை நின்றது. சபியா நிறுத்தாமல் சொன்னாள்: ஏர்வாடி, செத்துப் பிறந்தது, கடலைக் காட்டியவள், இரண்டு வருஷப் பால். குரல் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. சந்தைக்கு வழி சொல்வதுபோலச் சொன்னாள்.

டாக்டர் சுஐபைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "முதல் நாளே கேட்டேனேம்மா."

"கேட்டீக."

"ஏன் சொல்லல?"

"சொல்லிருந்தா செஞ்சிருப்பீகளா?"

"மாட்டேன்."

"அதான்."

அவர் எழுந்தார். வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. சபியா அவர் முகத்தை விடாமல் பார்த்துக் கேட்டாள்: "நாந்தான் கொன்னேனாய்யா?"

"தெரியாது," என்றார். "சத்தியமாத் தெரியாது. சொந்த அண்ணனா இருந்தாலும் வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். ஒண்ணும் செய்யாம இருந்தாலும் போயிருப்பா. இதுக்குப் பதில் தெரிஞ்ச ஆள் இப்ப உலகத்துல இல்லம்மா."

திரும்பிப் பார்த்தபோது சுஐபு அங்கே இல்லை.

ஒரு பகலும் ஒரு இரவும் அவன் வரவில்லை. மறுநாள் மதியம் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு, துணியால் வாயை மூடி, உள்ளேயே போய்விட்டான். இனி தடுத்து ஆவதில்லை என்று நர்சும் விட்டுவிட்டாள். ஹமீதாவின் உதடெல்லாம் வெடித்திருந்தது.

"நேத்து எங்கன போன காக்கா?"

"கடல் பாக்கப் போனேன். இதெல்லாம் ஒரு கடலா. மணலும் சுண்டலும்."

"நம்ம கடல் எப்பப் பாப்போம்?"

"காத்து மாறட்டும்."

"காக்கா, ஒடம்பு எரியுது. ஒன் ரத்தத்துக்கு ஒன் குணம்தான். சும்மா இருக்கமாட்டேங்குது."

விளையாட்டாகத்தான் சொன்னாள். அவன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவளிடம் அவன் எதையும் சொல்லவில்லை. எழுபத்தோராம் நாள் காலை அவள் போகிறவரை அவன் அவளுக்கு அண்ணன்தான்.

மெட்ராஸிலேயே அடக்கம் செய்தார்கள். ரயிலில் திரும்பும்போது, மானாமதுரை தாண்டியபின், அவன் முதல்முறையாகப் பேசினான்.

"டாக்டர்ட்ட மொதல்லயே சொல்லிருந்தா?"

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுருப்பாரு."

"எத்தன நாள் இருந்திருப்பா?"

"மூணு மாசம்னாரு. ஆறுன்னாலும் ஆறு."

அவன் கணக்குப் போடுவது அவளுக்குத் தெரிந்தது. எழுபத்தொரு நாளும் கண்ணாடிக்குள். மூன்று மாசம் என்றாலும் கடற்காற்றில், சொந்தப் பாயில், ஊளி மீனோடு. அவன் வாயால் அதைச் சொல்லவில்லை. வேறொன்றைக் கேட்டான்: "அந்தப் பொம்பள பேரென்ன?"

"தெரியாது. கேக்குறதுக்குள்ள போயிட்டா."

ஊரில் இறங்கியதும் பெட்டியை அவன்தான் தூக்கினான். வத்தை ஓட்டினான், மீனைக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்தான், போட்டதைத் தின்றான். ஆனால் உம்மா என்ற சொல் அவன் வாயில் வரவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் எதிரே வந்து நிற்பான். சபியா தெரிந்துகொண்டு எடுத்துக்கொடுப்பாள்.

ஹமீதாவை அடித்தது கூடப்பிறந்த மஜ்ஜை அல்ல என்று தெரிந்துவிட்டதால், அற்புதத்துக்கு டாக்டர் செய்தார். ஜோதிமேரியின் மஜ்ஜை பிடித்தது. அற்புதத்துக்கும் உள்ளங்கை சிவந்தது, வேளாங்கண்ணி இரண்டு நாள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பிறகு சிவப்பு தானே இறங்கிவிட்டது. தை மாசம் பாம்பனிலிருந்து கடிதம் வந்தது. சுஐபு படித்துச் சொல்லாமல், மறுநாள் வத்தையில் பாய் கட்டி, எதிரே வந்து நின்றான். சபியா முக்காட்டைப் போட்டுக்கொண்டு ஏறினாள்.

அற்புதம் கரையில் ஓடிக்கொண்டிருந்தாள். புதிதாய் முளைத்த முடி, பூனைக்குட்டி மயிர்போல. நண்டைத் துரத்தினாள். சபியா அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு தழும்பு இல்லை.

"இந்தப் பாட்டியம்மா எதுக்கு எங் கையவே பாக்குறாக?" என்று பிள்ளை கேட்டது.

"அழுக்கான்னு பாக்குறாக. ஓடிப் போ," என்றாள் வேளாங்கண்ணி. சபியாவுக்கு நாற்பது வயது அப்போது.

இங்கே நிறுத்தினால் உங்களுக்கு நல்லது. ஆனால் முழுதும் சொல்வேன் என்றேனே. பதினோரு மாசம் அந்தப் பிள்ளை ஓடியது. பிறகு பழைய நோயே திரும்பிவந்தது. எங்கேயோ ஒரு அணு அழியாமல் ஒளிந்திருந்தது என்று டாக்டர் எழுதினார். இந்தத் தரம் பதினைந்து நாள்தான்.

சபியா அடக்கத்துக்கு வந்தாள். கோயில் மணி ஓய்ந்து, கூட்டம் கலைந்த பிறகு இரண்டு பெண்களும் மணலில் உட்கார்ந்திருந்தார்கள்.

"பதினோரு மாசம்க்கா," என்றாள் வேளாங்கண்ணி. "நீங்க அன்னைக்கு வாயத் தெறக்கலைன்னா இது கெடையாது. அம்புட்டு மாசமும் அவ ஓடுனா. பள்ளிக்கூடம் போனா. ஒரு வாய்ப்பாடு படிச்சா."

முதல் நாளே வாயைத் திறந்திருந்தால் தன் பிள்ளைக்கு என்ன கிடைத்திருக்கும் என்பது சபியாவுக்குத் தெரியாது. அது யாருக்கும் தெரியாது என்று டாக்டரே சொல்லிவிட்டார். தெரியாததை மடியில் வைத்துக்கொண்டு அவள் இன்னும் முப்பது வருஷம் இருந்தாள். வேளாங்கண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தண்ணீர் ஓரத்தில் சுஐபு வத்தையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் வந்ததும் கையை நீட்டினான். முழங்கால் தண்ணீரில் அவள் தடுமாறியபோது, இடுப்பைச் சேர்த்துத் தூக்கி உள்ளே உட்காரவைத்தான். அந்தச் சொல்லை அவன் மறுபடி சொன்னானா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்து இல்லை. பாயை விரித்தான், காற்று பிடித்தது, இரண்டு பேரும் வடக்கே போனார்கள்.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் காய்ச்சல் என்று படுத்தால் விடிந்ததும் பசிக்கிறது என்று எழுந்திருக்கட்டும். உங்கள் வாசலுக்கு வருகிற வைத்தியர் கையில் தெரிந்த மருந்தே இருக்கட்டும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் வாயும் அவருக்கு இருக்கட்டும். பெற்றதும் வளர்த்ததும் ஒரே சட்டியில் கைவைத்து உண்ணும் வீடாக உங்கள் வீடு நிலைத்திருக்கட்டும்.